நூறு ரூபா செல்லாமற்போன மாரி

எங்கள் வீட்டு நூறு ரூபா நோட்டுகளில் அவித்த நெல்லின் மணம் இருந்தது. வாப்பா அவற்றைத் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் அடைத்து, நெல் மூடைகளுக்கு நடுவே வைத்திருந்தார். நிந்தவூரில் என் மூத்த சகோதரியான ராத்தாவுக்கு அப்போது கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், உம்மா தன் சீதன வயலை விற்கச் சம்மதித்தார். வாங்கியவர் காசைப் பத்து ரூபாக் கட்டுகளாகத்தான் கொண்டுவந்து தந்தார். "பெரிய நோட்டெண்டா இடம் அடைக்காது" என்று சொல்லி, தெரிந்த கடைகளில் கொடுத்து அவ்வளவையும் நூறாக மாற்றியவர் வாப்பாதான்.

மாரி மழை பிடித்திருந்த ஒரு மாலையில், ஐம்பது ரூபாவும் நூறு ரூபாவும் இனிச் செல்லாது, சில நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று ரேடியோ அறிவித்தது. கொஞ்சமாக இருந்தால் மாற்றித் தருவார்களாம். கூடுதலாக இருந்தால் எப்படி வந்தது என்று விசாரிப்பார்களாம். வாப்பா எழும்பிப் போய் ரேடியோவை நிறுத்தினார்.

"உறுதியில எழுதின விலை ஒண்டு, பெட்டிக்குள்ள இருக்கிறது வேறொண்டு. கேட்டா என்னத்தச் சொல்ற? மறியலுக்குத்தான் போகணும்."

முத்திரைச் செலவைக் குறைப்பதற்காகக் காணி உறுதிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது அப்போது ஊரில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் "மறியல்" என்ற சொல், வாப்பாவைச் சிறையில் அடைப்பார்கள் என்ற பயமாக எனக்குள் இறங்கிவிட்டது. நான் நாலாம் வகுப்புப் பிள்ளை. யாரோ ஒரு முதலாளி காசைக் கிணற்றுக்குள் கொட்டினாராம், கடற்கரையில் நோட்டுகள் ஒதுங்கினவாம் என்று பள்ளிக்கூடத்தில் கதைத்தார்கள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே வாப்பாவைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நெல் மூடைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். பெருநாளுக்குக் கிடைத்த இரண்டு ரூபா நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதுவும் செல்லாதா என்று உம்மாவிடம் கேட்டேன்.

"அது செல்லும் புள்ள."

"எது செல்லும், எது செல்லாதெண்டு ஆரும்மா முடிவெடுக்கிற?"

உம்மா சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினார். அவருக்கும் தெரியாது என்று விளங்கியபோது என் பயம் இன்னும் கூடியது.

கடைசி நாளுக்கு முந்திய நாள் லுஹர் தொழுகை முடிந்து வந்த வாப்பா, துணி முடிச்சுடன் அடுப்படியில் குந்தினார். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். எரிக்கப் போகிறார் என்று கண்டதும் நான் ஓடிப்போய் உம்மாவைக் கூட்டிவந்தேன். உம்மா ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார்.

"வயல் என்ட வாப்பா தந்த. ஒப்பம் வெச்சதும் நான்தான். கேக்கிறத்துக்கு நான் மறுமொழி சொல்றன்."

"நீ பொம்புள, பேங்குக்குப் போறதா?"

"ஓம். போறன்."

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு உம்மா கல்முனைக்கு பஸ் ஏறினார். குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆணோடு உம்மா கதைத்து நான் பார்த்ததில்லை. வங்கி வாசலில் மழையில் நனைந்தபடி நின்ற வரிசையில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. உம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் கை விறைத்துவிட்டது. எங்கள் முறை வந்ததும், மேசையிலிருந்தவர் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் மேலதிகாரியைக் கூப்பிட்டார். உம்மா வயல் விற்ற விலையையும் உறுதியில் எழுதிய விலையையும் மறைக்காமல் சொன்னார். எல்லாம் முடிந்தது, இனி ஜீப் வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் குறைச்சு எழுதினீங்க?"

"எல்லாரும் எழுதுற மாதிரித்தான் எழுதின, சேர். இப்ப வயலும் இல்ல. இந்தக் காசும் இல்லண்டா என்ட மகளுக்கு வீடு இல்ல."

அதிகாரி ஒரு படிவத்தை இழுத்து உம்மாவின் பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு, "வேற ஆக்களுக்கு இப்பிடி உடைச்சுச் சொல்லப் பயம். காசை உங்கட பேரில போடுறன். மேலிடம் என்ன சொல்லுமெண்டு எனக்குத் தெரியா" என்றார்.

அடுத்த அறுவடைவரை ஒரு தகவலும் வரவில்லை. வாப்பா மெலிந்துபோனார். கடைசியில் ஒரு பங்கை வரியாகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள். ராத்தாவின் வீடு முன்மண்டபம் இல்லாமலே எழும்பியது. மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுத்திருந்தார்கள்.

அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. வாப்பாவும் உம்மாவும் அதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்கள். புழக்கத்திலிருந்தே போன சதக் காசுகளை என் பேரப்பிள்ளைகள் கண்டதே இல்லை. போன வருடம், ஐயாயிரம் ரூபா நோட்டை நிறுத்தப் போகிறார்கள் என்று யாரோ அனுப்பியதைப் பேத்தி போனில் வாசித்துக் காட்டினாள். அவள் வாசித்து முடிக்குமுன் நான் சேர்த்துவைத்திருந்த ஐயாயிரம் ரூபா நோட்டுகளை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டுவிட்டேன். வங்கியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முக்காடிட்ட எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அது பொய்க் கதை, பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்று சிரித்தாள். "ஓம் மகள், பொய்யாத்தான் இருக்கும்" என்றேன். ஆனாலும் அவள் எல்லாவற்றையும் நூறு நூறாக மாற்றித் தரும்வரை அந்த இடத்தை விட்டு நகர என் கால்கள் சம்மதிக்கவில்லை.