மைரன் வண்டிக்கு ஓர் இடம்

சிகாகோவுக்கு வடக்கே, அதே ஏரியின் கரையில் இருக்கும் எங்கள் ஷெபாய்கனில் விருந்தாளி கிளம்புவது லேசான காரியம் இல்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் தொடையில் தட்டி, "சரி, அப்புறம்..." என்று ஆரம்பிக்க வேண்டும். அது வெறும் ஆரம்பம்தான். பிறகு அடுக்களையில் நின்று கொஞ்சம் பேச்சு, வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம், காருக்குப் பக்கத்தில் கொஞ்சம். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம். கடைசியில் வீட்டுக்காரர், "மான் பாத்து ஓட்டுங்க" என்பார். அதற்கு மேல் அன்பான வார்த்தை எங்கள் ஊரில் கிடையாது. புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகாகோக்காரரான மைரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஊர் அது. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அங்கேயே பிறந்து வளர்ந்து, தூண்களின் மேல் ஓடும் நகர ரயிலை ஓட்டிப் பிழைத்த மனிதர். அந்த ரயில் மாடி வீட்டு ஜன்னல்களை உரசுகிற மாதிரி போகும். ஊரார் வீட்டு மேஜையில் என்ன சமையல் என்று பார்த்தே அவர் ஆயுளில் பாதி கழிந்திருக்கிறது.

"ஒரு ஜன்னல்ல ஒரு அம்மா எப்பவும் உருளைக்கிழங்கு சீவிட்டே இருப்பாங்க. நான் கையாட்டுவேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு தரம் அவங்களும் ஆட்டினாங்க" என்று ஒருமுறை சொன்னார்.

"அப்புறம்?"

"அடுத்த வாரம் திரை போட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கட்டிய மனைவி வெயில் வேண்டும் என்று அரிசோனா போனவர், போனவர்தான். பிள்ளை குட்டி கிடையாது.

இந்த மனிதர் எங்கள் ஊருக்கு வந்ததே ஒரு மானால்தான். ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமை, வேறு எங்கோ போகிற வழியில், நெடுஞ்சாலையில் குறுக்கே பாய்ந்த மான் மீது வண்டியை மோதிவிட்டார். என் வீட்டுக்காரர் ஹார்லன்தான் வண்டி பழுது பார்ப்பவர். கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. உதிரி பாகம் திங்கட்கிழமைதான் வரும். ஊர் பேர் தெரியாத ஆளானாலும், ஊரே கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீனைச் சாப்பிட வைக்காமல் விட முடியுமா? வறுத்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் போடுகிற கூடத்துக்கு எங்களோடு கூட்டிப்போனோம்.

அங்கேதான் ஆர்டிஸ் இருந்தாள். எங்கள் பக்கத்து வீடு. ஆணி, பெயின்ட், குழாய் விற்கிற கடையில் கல்லாவில் நிற்பவள். புருஷன் லெஸ்டர் காலமான பிறகு எங்கள் சீட்டாட்ட மேஜையில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. ஐந்து கை வேண்டிய ஆட்டத்தை நாலு பேர் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். மீன் சாப்பிட்டு முடித்ததும் மைரனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தோம். ஐயோ, என்ன ஆட்டம்! துருப்பை எல்லாம் முதலிலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரயில்ல இப்படித்தான் ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே கதவைத் திறந்து விட்டுடுவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள் ஆர்டிஸ்.

அவள் பல் தெரியச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. மைரன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி சரியாகி ஊருக்குப் போன மனிதர் இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வந்து நின்றார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் மாடி அறையில் படுக்கை. குளிர்காலத்தில் ராத்திரி தெருவில் வண்டி நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் எங்கள் வாசலிலேயே அவர் வண்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆர்டிஸ் வீட்டில் சாப்பாடு. இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருவர் கையை ஒருவர் தொட்டுப் பேசியதுகூட இல்லை.

போன வருஷம் அவருக்கு வேலை ஓய்வு. குடியிருந்த வாடகை வீட்டின் ஒப்பந்தமும் முடிவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க இனிமே எனக்கு ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கமே வந்துடலாமான்னு ஒரு யோசனை."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஆர்டிஸ் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள்: "ஐயோ, உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்? இங்க என்ன இருக்கு? பனி, ஏரி, திரும்பவும் பனி."

எங்கள் ஊர்க்காரன் யாராவது இதைக் கேட்டிருந்தால் அடுத்த நாளே மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்திருப்பான். இங்கே ஒரு துண்டு கேக் நீட்டினாலே முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாவது தடவையும், வயிறு நிறைந்துவிட்டது என்போம். மூன்றாவது தடவைதான், "சரி, சின்னத் துண்டா" என்று கை நீளும். ஒரே வார்த்தையில் தலையாட்டினால் அலைகிறான் என்று ஆகிவிடும். மைரனோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். "ஆமா, அதுவும் சரிதான்" என்று மீனை மெல்ல ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. மறுநாள் காலையிலேயே ஆர்டிஸ் அடுக்களைக்குள் போய் நின்றேன்.

"ஏண்டி, அந்த மனுஷன் வாயைத் திறந்து கேட்டாரே, வாங்கன்னு சொல்ல உனக்கு நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும் பெர்னெட்டா. அவர் பொறந்த ஊரு அது. நான் கூப்பிட்டு வந்து, இங்க பிடிக்கலைன்னா? காலம் பூரா என் முகத்துக்காக நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லிட்டே கெடக்கணும்."

"அவரு வேணுமா வேண்டாமா உனக்கு?"

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவர் வண்டி திரும்பினதும் வீடு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது" என்றாள். "அவர் குடிச்ச கோப்பையைத் திங்கட்கிழமை வரைக்கும் கழுவ மாட்டேன்."

"இதை அவர்கிட்ட சொல்லித் தொலையேன்!"

"அவரே கேக்கட்டும்."

"கேட்டாரேடி, மண்டு!"

"ஒரு தடவைதானே கேட்டார்."

தலையில் அடித்துக்கொண்டேன். போதாததற்கு, இதை மைரனிடம் மூச்சு விடமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். என் வாயைக் கட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று ஹார்லனைக் கேளுங்கள், சொல்வார்.

அடுத்த தடவை வந்தபோது மைரன் என்னோடு ஏரிக்கரைக்கு நடந்து வந்தார். காற்று காதை அறுத்தது.

"சிகாகோலயும் இதே ஏரிதான்" என்றார். "சாயங்காலம் கரைக்குப் போய் வடக்கப் பாத்து நிப்பேன். தண்ணியைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆனா இந்நேரம் அவங்க அடுக்களைல விளக்கு போட்டிருப்பாங்கன்னு நினைச்சுப்பேன். பைத்தியக்காரத்தனம், இல்ல?"

"அவகிட்ட திரும்பக் கேளுங்க மைரன்."

"வேண்டாம்னு சொன்ன பொம்பளையைத் திரும்பத் திரும்பக் கேக்கறது அசிங்கம். நான் அப்படிப்பட்டவன் இல்ல."

"அவ வேண்டாம்னு எங்க சொன்னா?"

"எதுக்கு சிரமம்னாங்களே. அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இவர் மரியாதை ஒரு பக்கம், அவள் மரியாதை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

அந்த மாதமே ஒரு லாரி வந்து லெஸ்டரின் படகை ஏற்றிக்கொண்டு போனது. ஆர்டிஸின் கார் ஷெட்டில் இரண்டு வண்டி நிற்கலாம். ஒரு பக்கம் அவள் வண்டி, மறுபக்கம் தார்ப்பாய் போர்த்திய அந்தப் படகு. லெஸ்டர் போன பிறகு அதை ஒருவரும் தொட்டதில்லை. விற்றுவிடு என்று நான் சொன்னபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இப்போது தானாகவே தூக்கிக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் தரையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு கதவை இறக்கிவிட்டாள். அதைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. மைரன் வந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வாசலில் பனியில் மண்டியிட்டபடி ஆர்டிஸ் அவர் வண்டியை அளவு நாடா வைத்து அளந்துகொண்டிருந்தாள். முன்னாலிருந்து பின்னால் வரை இழுத்துப் பிடித்து அளந்தாள்.

"என்னடி பண்ற?"

"சும்மா. கடைல ஒருத்தர் கேட்டார்."

காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. வண்டிக்கு ஏதோ உறை தைக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போய்விட்டேன்.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆர்டிஸ் வீட்டில் எங்களுக்கும் சேர்த்து சுட்ட பன்றித்தொடை, பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு. சாப்பிட்டு முடித்ததும் மைரன் கை துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"நாளைக்கு வீட்டு ஓனர் வர்றார். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அதே வீட்டுக்குக் கையெழுத்து போடணும்." ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். "போட்டுடட்டுமா?"

மேஜைக்கடியில் ஆர்டிஸ் காலை ஓங்கி மிதித்தேன். அவள் அசையவில்லை.

"உங்களுக்குப் பழகின வீடு" என்றாள். "பழகின இடத்தை விட்டுட்டு வர்றது கஷ்டம்தான்."

மைரன் அவளையே பார்த்தார். பிறகு, எங்களிடம் கற்றுக்கொண்டபடி, இரண்டு கையாலும் தொடையில் தட்டினார். "சரி, அப்புறம்..."

அடுக்களையில் நின்றோம். மீந்த கறியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வாசலில் நின்றோம். காருக்குப் பக்கத்தில் நின்றோம். குளிரில் கால் மரத்துப்போயும் விடாமல் நின்றோம். மூடிக் கிடந்த ஷெட் கதவை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"மான் பாத்து ஓட்டுங்க" என்றாள் ஆர்டிஸ்.

வண்டி தெரு முனை திரும்பும்வரை நின்று கையசைப்பதுதான் எங்கள் வழக்கம். ஆர்டிஸ் அன்று நிற்கவில்லை. வண்டி நகர்ந்ததுமே திரும்பி நடந்துவிட்டாள். "கண்ணாடில பாத்தேன், ஆளைக் காணோம். சரி, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்" என்று மைரன் பிற்பாடு சொன்னார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவள் ஷெட் கதவு பழைய மரக்கதவு, தூக்கினால் தெருவே கூசும்படி கிறீச்சிடும். ஆர்டிஸ் அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, விளக்கைப் போட்டு, காலியான பக்கத்தின் நடுவில் போய் நின்றாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேலங்கிப் பையில் விட்டுக்கொண்டாள்.

தெரு முனையில் மைரன் வண்டி நின்றது. எந்தப் பக்கத்திலும் வேறு வண்டி இல்லை. ஆனாலும் அவர் நகரவில்லை. சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "யோவ், திரும்பி வாய்யா!" என்று கத்திவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது. தெரு நெடுக வண்டி பின்னோக்கியே வந்தது.

இறங்கி வந்து ஷெட் வாசலில் நின்றார்.

"படகு எங்க?"

"குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நீங்க முதல் தடவை கேட்டீங்களே, அதுக்கு அப்புறம்."

மைரன் தொப்பியைக் கழற்றினார். "ஆர்டிஸ், நான் இங்கயே வந்துடட்டுமா?"

அவள் வாய் திறந்தது. "உங்களுக்கு எதுக்கு" என்பது தொண்டை வரை வந்துவிட்டது, எனக்குத் தெரியும், நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அதை விழுங்கினாள். பையிலிருந்து கையை எடுத்து மேலே காட்டினாள்.

கூரையிலிருந்து கயிற்றில் ஒரு டென்னிஸ் பந்து தொங்கியது. முன்கண்ணாடியில் அது முட்டினால் வண்டியை நிறுத்தவேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லா ஷெட்டிலும் தொங்கவிடுவதுதான். லெஸ்டரின் படகு நின்ற பக்கத்தில் மட்டும் அது இருந்ததே இல்லை. இந்தப் பந்து புத்தம் புதிதாக மஞ்சளாக இருந்தது.

"பந்து வரைக்கும் வாங்க" என்றாள்.

ஆர்டிஸ் ஓரமாக ஒதுங்க, மைரன் வண்டியில் ஏறினார். வண்டி அங்குலம் அங்குலமாக உள்ளே போனது. பந்து கண்ணாடியில் மெல்ல முட்டி நின்றது. இரண்டு பேரும் உள்ளேயே இருந்தார்கள், வெளியே குளிர் கொன்றது, கதவை நான்தான் இழுத்து இறக்கினேன். வண்டிக்கும் கதவுக்கும் நடுவில் சரியாக ஒரு கை அகலம் இருந்தது. எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கிறாள், பாவி. வாயைத் திறக்கத்தான் இத்தனை காலம்.