இடது காதில் இல்லாத எலும்பு

என் மகளுக்கு இடது காது கேட்காமல் போனது எப்போது?

காது டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. சளி பிடிக்கும்போதெல்லாம் அந்தக் காதில் சீழ் வரும். இண்டூர் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவோம், காய்ந்துவிடும். காய்ந்தால் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கூப்பிட்டால் திரும்புகிறாள். சமையலறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் வாசலில் இருந்து ஓடி வருகிறாள். ஒரு காது நன்றாக இருந்தால் இன்னொன்று கேட்காதது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது என்றார் டாக்டர். காதுக்குள் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

ஸ்கேனுக்காகத் தர்மபுரிக்குப் போன அன்று, ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் லீவு போட்டிருந்தார். நான் இட்லி கட்டிக்கொண்டிருந்தபோது அவரே மகளைக் குளிக்க வைத்தார். துவட்டிக்கொண்டு வந்தவளிடம் பூண்டு வாசனை அடித்தது.

“ஏங்க, காதுல என்னாங்க ஊத்துனீங்க?”

“பூண்டு போட்டுக் காச்சின நல்லெண்ணெதான். நாத்தம் புடிச்ச காதோடவா டாக்டருகிட்ட கூட்டினு போவ? பெத்தவங்க என்னாத்தப் பாத்தீங்கன்னு நம்மளத்தான் கேப்பாங்க.”

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் பிள்ளையை விருந்துக்குக் கிளப்புவதுபோல் தேய்த்துக் குளிப்பாட்டித்தான் கூட்டிப்போவார்கள். காதில் எதுவும் விடக் கூடாது, தண்ணீர்கூடப் படக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதைக் கணவரிடம் சொன்னேனா என்பதுதான் நினைவில்லை.

ஸ்கேன் அறையில் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். நடுவில் ஓட்டையோடு நின்ற அந்த இயந்திரத்தைப் பார்த்ததும் மகள், “அம்மா, எம்மாம் பெரிய வடை!” என்றாள்.

“ஆமாம் பாப்பா, அசையாம படுக்கணும். அசைஞ்சா திரும்பவும் சுடணும்” என்றார் படமெடுக்கும் பெண். தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து வாரால் கட்டினார். எனக்குக் கனமான அங்கி ஒன்றை மாட்டி ஓரமாக நிற்க வைத்தார்.

சில நிமிடங்கள்தான். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. “முடிஞ்சுது பாப்பா, கைய ஆட்டு பாக்கலாம்.” அவள் கை அசையவில்லை. “பாப்பா, கைய ஆட்டு.” அசையவே இல்லை. கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டு காதை அடைத்திருக்கலாம். அசையாதே என்று சொன்னதால் பயந்தும் இருக்கலாம். நல்ல காதும் போய்விட்டதோ என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓடிப்போய் அவள் காலைத் தொட்டேன். “வடை வெந்துடுச்சாம்மா?” என்று கேட்டாள்.

மறுவாரம் டாக்டர் கணினியில் படத்தைக் காட்டினார்.

“இது வலது காது. கோன் ஐஸ் மாதிரி ஒண்ணு தெரியுதுங்களா? மேல இருக்கற ஐஸ்தான் சுத்தி எலும்பு, கோன்தான் பட்டடை எலும்பு.”

பள்ளியில் காதின் படம் வரைந்து இந்தப் பெயர்களை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

“எனக்குக் கோன் ஐஸா?” என்றாள் மடியில் இருந்தவள்.

“இது இடது.” அங்கே கோன் இல்லை. ஐஸும் பாதிதான். சுற்றிலும் சாம்பல் நிறம்.

என் கணவர் முன்னால் நகர்ந்தார். “மேடம், அன்னிக்குக் காலையில நான் எண்ணெ ஊத்துனேங்க. அதனால தப்பாத் தெரியுதுங்களா?”

“எண்ணெ, சீழு, உள்ள வளர்ற தோலு, மூணும் ஸ்கேன்ல சாம்பலாத்தாங்க தெரியும். எது எதுன்னு ஸ்கேன் சொல்லாது. எலும்பு வெள்ளையா தெரியும். இருக்க வேண்டிய எடத்துல வெள்ளை இல்ல. எண்ணெ எலும்பக் கரைக்காதுங்க.”

செவிப்பறையின் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு, நடுக்காதில் உருண்டையாக வளர்ந்து எலும்பை அரிக்கிறதாம். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து அறுவை சிகிச்சை செய்து அதை எடுக்க வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதனால் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம் என்றார். கேட்கும் சக்தி எவ்வளவு திரும்பும் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

வரும் வழியில் பேருந்தில் கணவர் சொன்னார்: “எண்ணெயாத்தான் இருக்கும். காது காயட்டும், சேலத்துல இன்னொரு ஸ்கேன் எடுப்போம்.” அதையே தினமும் சொல்கிறார். எல்லாம் தன் தவறாகவே இருந்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். தவறு என்றால் திருத்திவிடலாம். எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொள்கிறது. டாக்டர் சொன்னதை நம்புகிறேன். உடனே, சின்னப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைய எப்படிச் சம்மதிப்பது என்று பயப்படுகிறேன். கன்னத்தை ஊதச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, வாய் கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். “எத்தன வாட்டிம்மா சிரிக்கிறது?” என்று அலுத்துக்கொள்கிறாள்.

டாக்டர் அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்கிறார். கணவரோ சேலம் என்கிறார். இதைப் படிப்பவர்களே, உங்கள் பிள்ளைக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இரண்டாவது ஸ்கேன் எடுத்தீர்களா, அல்லது இன்னொரு காது டாக்டரிடம் அதே படத்தைக் காட்டினால் போதுமா? காத்திருந்தவர்கள் யாராவது இருந்தால், காத்திருந்ததில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கணவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.