டி.ஓ. போட்ட பாட்டில்

ராஜவேல் கோலி சோடா பாட்டிலைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரல் அடியிலிருந்து மேலே ஊரும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் கண்ணாடியில் ஒரு வரம்பு தட்டும். அது வாய்வரை ஓடினால் மெஷின் பாட்டில். கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைக் கையால் செய்து ஒட்டிய பழசு. பிறகு, கோலியைத் தடுக்கும் பள்ளம் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று தடவுவார். கடைசியில்தான் கண்ணைத் திறந்து, புடைத்திருக்கும் எழுத்தைப் படிப்பார்.

சிதம்பரத்தில் வீடு வீடாக மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, "பரண்ல கோலி சோடா பாட்லு எதுனா கெடக்குதாம்மா?" என்று கேட்காமல் செருப்பை மாட்டமாட்டார்.

வீட்டு ஷெல்பில் நூற்றுப் பன்னிரண்டு நிற்கின்றன. பண்ருட்டி உண்டு, விருத்தாசலம் உண்டு. அவர் அப்பா ஆண்டியின் பாட்டில் மட்டும் இல்லை. ஆண்டி கடலூர் முதுநகரில் சோடா கம்பெனி வைத்திருந்தாராம். ஓல்டு டவுன் என்பதைச் சுருக்கி ஊரே ஓ.டி. என்று சொன்னதால், பாட்டிலிலும் இங்கிலீஷில் அந்த இரண்டு எழுத்தையே போட்டாராம். ராஜவேலுக்கு மூன்று வயதில் அவர் போய்விட்டார். சாட்சி கிடையாது.

மனைவி அமராவதியின் தம்பி தங்கராசு சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவன். வரும்போதெல்லாம் கேட்பான்: "கம்பெனி வச்சிருந்தாரா, இல்ல எவன் கம்பெனி சோடாவயோ சைக்கிள்ல தள்ளிக்கினு போனாரா, மாமா?" ராஜவேல் சிரிப்பார். அன்றைக்குச் சோறு இறங்காது.

2009 ஆடியில், திருவந்திபுரத்தில் மூடிக்கிடந்த ஒரு பெட்டிக்கடையிலிருந்து ஒன்று வந்தது. வெளிர்பச்சைக் கண்ணாடி. வரம்பு கழுத்தோடு நின்றது. கண்ணைத் திறந்தார். எழுத்து டி.ஓ.

நான்கு நாள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். "டவுன் ஓல்டுன்னு எவனாச்சும் போடுவானா?"

"போட்டவனப் போயி கேளுங்க" என்றாள் அமராவதி, கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டே. பிறகு சீப்பு நின்றது. "என்னாங்க, ஓ.டி.ன்னுதான இருக்குது?"

பின்னால் பாட்டிலோடு நின்றவர் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். ஓ.டி. ரப்பர் ஸ்டாம்பு போல அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்டவேண்டும். வெட்டியவன் நேராக வெட்டித் தொலைத்திருக்கிறான். திருப்பினாலும் உருவம் மாறாத இரண்டு இங்கிலீஷ் எழுத்து, வரிசை மட்டும் மாறியது யார் கண்ணுக்கும் படவில்லை.

தங்கராசு பாட்டிலை வாங்கிப் பார்த்தான். "சரி மாமா. டி.ஓ.ன்னே ஒரு கம்பெனி இருந்து, அவன் பாட்லக் காட்டினாலும் கண்ணாடியில ஓ.டி.தான தெரியும்?"

ராஜவேல் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஒரு எஸ்ஸு இருந்தாப் போதும்டா. திரும்பியிருக்குதா இல்லியான்னு அது சொல்லிப்புடும்." விரல் மறுபடி ஊர்ந்தது. அடியில் ஒரு நட்சத்திரம் தட்டுப்பட்டது. நட்சத்திரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்சத்திரம்தான்.

"இது ஆயிரம் கம்பெனிக்காரனுதா இருக்கலாம்" என்றான் தங்கராசு.

"இருக்கலாம்" என்றார்.

ஷெல்பில் இரண்டு பாட்டில்களை நகர்த்தி இடம் செய்தார். வைக்கப் போய், எழுத்தைப் பார்த்து, எடுத்துக்கொண்டார். சுவர்க் கண்ணாடியின் கீழ்ப் பலகையிலிருந்து சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்து அமராவதி கையில் கொடுத்தார். வெறும் பலகையில் பாட்டிலை நிறுத்தி, எழுத்து கண்ணாடியைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பினார்.