தங்கச்சிக்குக் கட்டிய புளிச்சோறு

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் யார் வீடும் அவரவர் வீடு கிடையாது. குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தபந்தமெல்லாம் இங்கேதான் பாய் விரிக்கும். மதுரையில் இருக்கிற என் தங்கச்சி, கல்யாணமான வருசத்திலிருந்து ஒரு சீசனும் தவறியதில்லை. வந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, புளிச்சோறு எங்க?" என்பாள். என் கைச்சோறு என்றால் அவளுக்கு உயிர். எனக்கும் அதில் கர்வம்தான், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

போன வருசம் தை பிறந்த கையோடு எனக்குத் தொழுநோய் என்று சொன்னார்கள். முதுகிலும் கையிலும் தேமல் மாதிரி வெளுத்திருந்த இடங்களைக் கிள்ளினால் உறைக்கவில்லை. ஒரு வருசத்துக்கு மாத்திரை. மாதம் ஒரு தடவை நர்ஸ் முன்னாலேயே விழுங்க வேண்டும். அன்றைக்குச் சிறுநீர் செக்கச்செவேலென்று போகும். நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தும், முதல் தடவை "ஐயோ" என்று அலறிவிட்டேன். ஓடி வந்த என் வீட்டுக்காரர், "பயப்படாத, மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். ரிட்டையர்டு போலீஸ், அவருக்கு எல்லாமே தடயம்தான்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தினமும் போடுகிற பழுப்பு மாத்திரைதான் என்னை அழ வைத்தது. நாலு மாதத்துக்குள் முகம் கருஞ்சிவப்பாக மாறி, தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. மருந்துதான் காரணம், முடிந்த பிறகு பழைய நிறம் மெள்ளத் திரும்பும், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அவருக்கென்ன, கண்ணாடி பார்க்கிறவள் நானல்லவா!

வீடியோ காலில் பார்க்கும்போதெல்லாம் தங்கச்சி, "என்னக்கா இப்படிக் கருத்துட்ட?" என்று நச்சரிப்பாள். சிவப்பழகு கிரீம் வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். மறுபடியும் ஒன்று வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, இது கிரீமுக்குப் போற கருப்பு இல்லட்டி" என்று நோயின் பேரைச் சொல்லிவிட்டேன். மருந்து சாப்பிட ஆரம்பித்த சில நாளிலேயே அடுத்தவருக்குப் பரவாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "அடுப்புல பால் வச்சிருக்கேன்க்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

சீசன் வந்தது. "இந்தத் தடவ லாட்ஜ் போட்டுட்டோம்க்கா. ஒனக்கு எதுக்குச் செரமம்?" என்றாள். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிப் புலம்பினேன்.

"வரலன்னா போறா. நீ ஏன் கெடந்து மருகுத?" என்றார் வீட்டுக்காரர்.

அவள் எங்கே தங்கினால் எனக்கென்ன? என் சோற்றைச் சாப்பிடுவாளா மாட்டாளா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. காலையிலேயே புளிச்சோறு கிளறி, நிலக்கடலையை அள்ளிப் போட்டு, வாழை இலையில் கட்டிக்கொண்டு, அவர்கள் குளிக்கப் போயிருந்த ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன்.

ஈரத்தலையோடு வந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "இப்பதான் இட்லி சாப்பிட்டோம், பெறவு சாப்பிடுதேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே அதைக் கட்டைச்சுவரில் வைத்துவிட்டு, தலை துவட்டத் திரும்பிக்கொண்டாள். சுவர் நெடுகக் குரங்குகள். குற்றாலத்தில் ஒரு வாழைப்பழத்தைக்கூடக் கையை விட்டுக் கீழே வைக்கக் கூடாது என்று தன் பிள்ளைகளுக்கு வருசாவருசம் பாடம் நடத்துகிறவள் அவள்தான்.

வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கிய குட்டியோடு ஒரு குரங்கு வந்து இலையைக் கிழித்தது.

"ஐயையோ, போச்சேக்கா!" என்றாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

குரங்கு முதலில் கடலையாகப் பொறுக்கியது. அப்புறம் கை கொள்ளுமட்டும் சோற்றை அள்ளியது.

"பயப்படாம திங்குது பாத்தியாட்டி" என்றேன்.

துவட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவள் பதில் சொல்வதற்குள் நான் நடையைக் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து, சட்டியில் மிச்சமிருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பழுப்பு மாத்திரையை விழுங்கினேன்.