புகைபோக்கிக்காக எழுதிய கடிதம்

லண்டன் என்றதும் றோஸ்மலர் மனத்தில் வரைந்து வைத்திருந்த படம் வேறு. குட்மேய்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, தோளோடு தோள் ஒட்டி நின்ற செங்கல் வீடுகளைக் கண்டதும், "இது ஒரு சின்ன ஊரெல்லோ, பிள்ளை!" என்றார் மகள் பெனிற்றாவிடம். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்துவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில் மகளோடு வாழ வந்தவர் அவர்.

வந்த மறுநாளே, "எந்தக் கந்தோரிலை போய்ப் பதியிறது?" என்று கேட்டார்.

"என்னத்தைப் பதியிறது?"

"நாங்கள் இந்த வீட்டிலை இருக்கிறம் எண்டு."

பெனிற்றா சிரித்தாள். "அம்மா, இது ஜெர்மனி இல்லை. நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டு இஞ்சை ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

ஒருவரும் கேட்காத ஊர் றோஸ்மலருக்கு அச்சமூட்டியது. ஞாயிற்றுக்கிழமையிலும் புல்வெட்டும் இயந்திரம் உறுமியது. பிழையான குப்பைத் தொட்டியில் போத்தலைப் போட்டவனை எவரும் கண்டிக்கவில்லை. கடையில் இவர் ஒருவருடைய காலை மிதித்துவிட, மிதிபட்டவரே மன்னிப்புக் கேட்டார்.

அந்த அச்சத்தைத் தெளிவித்தவர் அடுத்த வீட்டுப் பிரியம்வதா. நான்காம் நாள், வேலிக்கு மேலால் ஒரு சட்டி சொதியை நீட்டி, "அக்கா, இடியப்பம் இருந்தால் சொதி இராது, சொதி இருந்தால் இடியப்பம் இராது. புது வீட்டிலை அப்பிடித்தான். இந்தாங்கோ," என்றார். மறுநாள் சட்டி கேக் துண்டுகளோடு திரும்பியது. அடுத்த வாரம் மீண்டும் சொதியோடு வந்தது. வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பும் வழக்கம் இருவருக்கும் இல்லை. பிரியம்வதாவின் மறுபக்கத்து வீட்டில் தனியே வாழ்ந்த ஆங்கிலேய முதியவர் லெஸ்லியும் அவ்வழக்கத்தைக் கற்றிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பிரியம்வதா வடை வைத்துக் கொடுக்கும் தட்டு, பிஸ்கட்டோடு திரும்பி வரும்.

பிரியம்வதா கணவனை இழந்தவர். கணவனின் தம்பி சச்சிதானந்தன் பின்வளவுக் கொட்டிலில் தங்கியிருந்தார். வீட்டினுள் ஓர் அறை வெறுமையாகவே கிடந்தது. ஆயினும், ஒரே கூரையின் கீழ் இருந்தால் சனம் கதைக்கும் என்று கொட்டிலைத் திருத்திக் கட்டிலும் விறகடுப்பும் வைத்துக்கொண்டார். அதிகாலையில் பேக்கரி வேலைக்குப் போய்வந்து, அண்ணிக்குக் கடைச்சாமான் சுமப்பதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அவரே.

பெப்ரவரிக் குளிரில், கொட்டிலின் வளைந்த தகரக்குழாய் பக்கவாட்டில் புகை கக்குவதை றோஸ்மலர் சமையலறைச் சாளரத்தால் கண்டார். நெஞ்சு பதறியது. உறக்கத்திலேயே அந்த மனிதன் மூச்சடைத்துப் போனால்? ஜெர்மனியில் ஆண்டுக்கொருமுறை கறுப்பு உடையில் ஓர் ஆள் வந்து, புகைபோக்கியைப் பார்த்து, திருத்த வேண்டியதைச் சொல்லிப் போவார். சொதி தந்த பிரியம்வதாவிடம் நேரே குறை சொல்ல நாக் கூசியது. உரிய இடத்தில் சொன்னால் அவர்கள் பக்குவமாகச் சொல்வார்கள் என்று நம்பினார். மகளின் கணினியில், பிழையற்ற முகவரியோடும் மிகுந்த பணிவோடும் உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதினார்: அடுத்த வீட்டுக் கொட்டிலில் ஒருவர் வசிக்கிறார்; புகைபோக்கியைப் பரிசோதிக்க எப்போது வருவீர்கள்?

வந்தவர்கள் புகைபோக்கியைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார்கள். கொட்டில் மனிதர் வசிக்கத் தகுதியற்றது. இருபத்தெட்டு நாள்களில் வெளியேற வேண்டும் என்றார்கள். சச்சிதானந்தன் அப்போதும் அண்ணியின் வீட்டினுள் குடிவராமல், ரெய்னர்ஸ் லேனில் மூவர் தங்கும் அறையொன்றில் நான்காமவராகச் சேர்ந்தார். லண்டனின் அந்த முனையிலிருந்து இந்த முனையிலிருந்த பேக்கரிக்கு நாள்தோறும் விடியுமுன் புறப்பட வேண்டியதாயிற்று.

"அயலவை ஆரோ எழுதினதாம்," என்றார் பிரியம்வதா, வேலியைப் பிடித்தபடி. "வேறை ஆர்? அந்த லெஸ்லிக் கிழவன்தான். புகைக்கு இருமி இருமி நடிச்சவர். ஏழு வருசம் என்ரை வடையைத் திண்டவருக்கு வாய்க்குள்ளை ஒரு சொல் இருக்கேல்லையோ? என்னக்கா?"

"ஓம்," என்றார் றோஸ்மலர்.

ஒரேயொரு சொல். அதைச் சொன்ன வாய் அன்றிரவு சோற்றை ஏற்கவில்லை. கடிதத்தை நினைத்தால் அறியாமை என்று மனத்தைத் தேற்ற முடிந்தது. அந்த "ஓம்" எந்தத் தேறுதலுக்கும் அடங்கவில்லை. சொதிச் சட்டி மட்டும் வழக்கம்போல் வந்தது. "நீங்கள் இருக்கிறது எனக்குப் பெரிய ஆறுதல், அக்கா," என்ற சொல்லும் கூடவே வந்தது.

வடை போவது நின்றபின் வந்த நான்காவது வெள்ளிக்கிழமை நண்பகல். றோஸ்மலரின் வாசலில் லெஸ்லி தட்டோடு நின்றார். தட்டில் பிரிக்காத பிஸ்கட் பொதி.

"பிரியம்வதா வீட்டில் மணியடித்தேன். திறக்கவில்லை. இது அவளுடைய கடைசித் தட்டு," என்றார் மெல்லிய ஆங்கிலத்தில். "நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்."

றோஸ்மலர் தட்டை வாங்கிக்கொண்டார். செருப்பை மாட்டியது நினைவில்லை. நேரே போய்ப் பிரியம்வதாவின் கதவைத் தட்டினார்.

"அந்தாளின்ரை தட்டை ஏன் வாங்கினனீங்கள்?"

"அவர் எழுதேல்லை, பிரியா. எழுதினது நான்."

பிரியம்வதா சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்.

"புகைபோக்கியைப் பாக்க ஆள் வருவார் எண்டு நினைச்சன். அங்கை அப்பிடித்தான். கறுத்த உடுப்போடை வருவார். நல்ல சகுனமெண்டு அவரின்ரை பட்டனைத் தொடுவினம்..." சொல்லச் சொல்ல அந்த விளக்கம் தமக்கே வெட்கமாயிருந்தது.

"நல்ல சகுனம்!" பிரியம்வதாவின் குரல் உடைந்தது. "வேலிக்கு மேலாலை ஒரு சொல் சொன்னால் நானே அந்தக் குழாயைக் கழட்டி எறிஞ்சிருப்பனே. சரி, தெரியாமல் எழுதினீங்கள். கிழவன்தானே எண்டு கேட்டனான். 'ஓம்' எண்டீங்கள். அதுவும் தெரியாமலோ?"

"இல்லை. அது தெரிஞ்சுதான்."

தட்டை வாங்கிக்கொண்டு பிரியம்வதா படியிறங்கினார். வாயிற்கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னார்: "என்ரை சொதிச் சட்டி உங்களிட்டைக் கிடக்கு. கொண்டுவந்து படியிலை வையுங்கோ. ஒண்டும் போட வேண்டாம்."

றோஸ்மலர் சட்டியைக் கழுவித் துடைத்தார். பழக்கத்தில் கேக் டின்னை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டார். வெறுஞ்சட்டியைப் படியில் வைத்து நிமிர்ந்தபோது, பிரியம்வதா லெஸ்லியின் வீட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. சட்டியை எடுத்துக் கதவைச் சாத்தப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

"ஞாயிற்றுக்கிழமை சச்சி வாறான். அவனுக்கும் நீங்கள்தான் சொல்ல வேணும்."

"ஓம்," என்றார் றோஸ்மலர்.