மூணு ஆக்சிலும் ஒரு பரிவட்டமும்

ஆக்சில் ஒடையற சத்தம் எப்படி இருக்கும்னு என்னைக் கேளுங்க, சொல்றேன். பெருசா ஒண்ணும் இருக்காது. 'டொக்'. அவ்ளோதான். அப்புறம் எஞ்சின் பாட்டுக்கு கத்திக்கினு கெடக்கும், வண்டி மட்டும் நகராது. மூணு வருஷத்துல மூணு தடவை அந்த 'டொக்'கைக் கேட்டவன் நான்.

மொத தடவை ஏரியில வண்டல் மண் அடிக்கிறப்போ. மூணாவது தடவை இந்த மார்கழியில, ஈரக் கழனியிலேர்ந்து வைக்கோல் ஏத்திக்கினு வர்றப்போ. ரெண்டாவது தடவையைப் பத்திப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். போன தையில, ஆத்துத் திருவிழா அன்னிக்கு, செய்யாத்து நடு மணல்ல, மேல சாமியை வெச்சிக்கினு ஒடைஞ்சது அது.

எங்க ஊரு பெருநகர் பக்கம். ஊர்ச் சாமி வருஷத்துக்கு ஒரு நாள் ஆத்துக்குப் போவும். ஒம்போது வருஷமா அது எங்க ஜீப்லதான் போவுது. ஆத்துல தீர்த்தவாரி முடிஞ்சதும், சாமிக்குச் சாத்தின பட்டுத் துணியை எடுத்து, வண்டி ஓட்டினவன் தலையில ஐயரு பரிவட்டமா கட்டுவாரு. வருஷம் பூரா எண்ணெயும் சேறுமா கெடக்கிற தலை இது. அந்த ஒரு நாள் மட்டும் பட்டு ஏறும். அதுக்காகத்தான் அந்தப் பழைய ஜீப்பை விக்காம வெச்சிக்கினு கீறேன்னு யாராச்சும் சொன்னா, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

போன வருஷம் சாமி நாலு மணி நேரம் வெயில்ல ஒக்காந்திருந்தது. பக்கத்து ஊரு சாமிங்க டிராக்டர்ல ஜம்முனு எங்களைத் தாண்டிப் போச்சுங்க. கடைசியில ஆளுங்க தோள் குடுத்துத் தூக்கிக்கினு போனாங்க. பரிவட்டத் துணி தட்டுல வந்து தட்டுலயே திரும்பிடுச்சு. அன்னிலேர்ந்து டீக்கடையில யாரு கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லுவேன்: "ஆக்சில் சரியில்லப்பா. பழைய சரக்கு. நாம இன்னா பண்றது?" எல்லாரும் 'அடப் பாவமே'ன்னு உச்சுக் கொட்டுவாங்க. எனக்கும் அது எதமா இருக்கும்.

அதனால இந்தத் தடவை ஒடைஞ்சதும் முடிவு பண்ணிட்டேன். ரிப்பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். காஞ்சிபுரத்துல ஒரு பழைய இரும்புக் கடையில பெரிய வண்டி ஆக்சில் ஒண்ணைப் பார்த்து வெச்சிருந்தேன். அதை அப்படியே கூண்டோட தூக்கி மாட்டிட்டா, சாமி இன்னா, கோபுரத்தையே ஏத்திக்கினு போலாம்.

உத்திரமேரூர்ல ஏரிக்கரைக்குக் கிட்ட ஒரு ஷெட்டு. அங்க கீற மேஸ்திரிதான் எங்க ஜீப்புக்கு டாக்டரு. அதிகம் பேச மாட்டாரு. நான் பெரிய ஆக்சில் பெருமையை மூச்சு விடாம பேசிக்கினே இருந்தேன். என் பொண்டாட்டி ஒரு டயர் மேல ஒக்காந்து வேர்க்கடலை உரிச்சிக்கினு இருந்தா. மேஸ்திரி உள்ள போயி மூணு இரும்புத் துண்டைக் கொண்டாந்து தரையில வரிசையா வெச்சாரு. என் வண்டியில ஒடைஞ்ச மூணு ஆக்சிலும்தான். மனுஷன் தூக்கிப் போடாம வெச்சிருந்திருக்காரு.

"அண்ணே, முனையில பல்லு பல்லா கோடு கீது பாரு. அது நேரா இருக்கணும். இது எப்படிக் கீது?"

குனிஞ்சு பார்த்தேன். மூணுலயும் அந்தக் கோடு பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கினு இருந்தது.

"பாரத்துல ஒடைஞ்சா இப்படி முறுக்காது. சக்கரம் மாட்டிக்கினு நிக்கிறப்போ ஒரேடியா முறுக்கினாத்தான் இப்படி ஆவும். மூணு தடவையும் யாரு ஓட்டினது?"

"நான்தான். எங்க வண்டியை வேற எவன் ஓட்டுவான்?"

மேஸ்திரி என் காலைப் பார்த்தாரு. வேர்க்கடலை உரிக்கிற சத்தம் மட்டும் நின்னுடுச்சு.

எனக்கு அப்பதான் புரிஞ்சது. காது ரெண்டும் ஜிவ்வுனு ஆயிடுச்சு. "இன்னா மேஸ்திரி, இருவத்தெட்டு வருஷமா ஓட்டறேன். எனக்கு ஓட்டத் தெரியலன்றியா?"ன்னு எகிறினேன்.

"கோவப்படாதேண்ணே. நீ பெரிய ஆக்சில் போட்டின்னா இது ஒடையாது, நெசந்தான். ஆனா அந்த முறுக்கு எங்கயாச்சும் போவணுமில்ல? அடுத்து கியர் பாக்ஸ் போவும். இத்தினி நாளா இதுதான் ஒடைஞ்சு அதைக் காப்பாத்திக்கினு கீது."

நான் விடல. அவரும் விடல. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். இப்போதைக்குப் பழைய சைஸ் ஆக்சிலையே மாட்டறது. ஆத்து மணல்ல, சாமி பாரத்துக்கு நெல்லு மூட்டை ஏத்தி, ஓட்டிப் பாக்கறது. ஒடைஞ்சா அவரே கூலி வாங்காம பெரிய ஆக்சில் மாட்டித் தருவாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. சொந்த வண்டி ஒடையணும்னு ஊர்ச் சாமியையே வேண்டிக்கினவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

ரெண்டு நாள் கழிச்சு, காலையில நாஷ்டா முடிச்சுட்டு ஆத்துக்குப் போனோம். எட்டு மூட்டை நெல்லு. மேஸ்திரியும் என் பொண்டாட்டியும் கரையில நின்னுக்கினாங்க. நான் மணல்ல எறக்கினேன். பாதி தூரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பின் சக்கரம் பொதைஞ்சது. நான் எப்பவும் பண்றதைப் பண்ணேன். ஆக்சிலேட்டரை அழுத்தினேன். மணல் பின்னால பீச்சியடிச்சது, சக்கரம் சும்மா சுத்திச்சு. இன்னும் அழுத்தினேன். கிளட்சை மிதிச்சு, எஞ்சினை அலற விட்டு, சட்டுனு காலை எடுக்கப் போனேன் பாருங்க, மேஸ்திரி "நிறுத்து! நிறுத்து! நிறுத்து!"ன்னு கத்திக்கினு மணல்ல ஓடியாந்தாரு. அவரு ஓடி நான் பார்த்ததே அன்னிக்குத்தான்.

"இதுதாண்ணே. கிளட்சைச் சட்டுனு விடறே பாரு, இதுதான்"னாரு, மூச்சு வாங்கிக்கினு.

சக்கரத்தைச் சுத்தி மணலை வாரினோம். "தங்கச்சி, நீ ஏறு"ன்னு என் பொண்டாட்டியைக் கூப்பிட்டாரு.

அவ ஓட்டக் கத்துக்கினது எனக்கு சிக்குன்குனியா வந்தப்போ. ரெண்டு மாசம் நான் கையைக் காலை மடக்க முடியாம கெடந்தேன். அவதான் நாத்துக் கட்டு, எரு, எல்லாத்தையும் இதே ஜீப்புல அடிச்சா. அப்புறம் லைசென்ஸும் எடுத்துட்டா. அந்த ரெண்டு மாசத்துல ஒண்ணும் ஒடையல. அதை நான் அன்னிக்கு வரைக்கும் நெனைச்சுக்கூடப் பாக்கல.

ஏறி ஒக்காந்தா. லோ கியரைப் போட்டா. அப்புறம் அவ இன்னா பண்ணான்னு கேட்டீங்கன்னா, ஒண்ணுமே பண்ணல. வண்டி எரும மாதிரி அதும்பாட்டுக்கு நடந்துச்சு. கொஞ்சம் பொதையும், அவ அவசரப்பட மாட்டா. பின்னால ஒரு அடி வருவா, திரும்ப முன்னால போவா. எட்டு மூட்டையோட அக்கரை போயி, திரும்பி, எங்க முன்னால வந்து நிறுத்தினா.

நாலு பேர் எதிர்ல அவ என்னை 'வாங்க, போங்க'ன்னுதான் பேசுவா. வூட்டுக்குள்ளதான் 'யோவ்'. அன்னிக்கு மேஸ்திரி நிக்கிறாரேன்னு, "ஆக்சிலுக்கு ஒண்ணும் ஆகலைங்க"ன்னு மரியாதையா சொன்னா. அந்த மரியாதைதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

மூணு நாள் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கினே கெடந்தேன். பெரிய ஆக்சிலை மாட்டிட்டு நானே ஓட்டிடலாம். ஊருக்கு ஒண்ணும் தெரியாது. பரிவட்டமும் என் தலைக்குத்தான் வரும். ஆனா கியர் பாக்ஸ் நடு ஆத்துல போச்சுன்னா? சாமி திரும்பவும் வெயில்ல ஒக்காந்துடும். அதை நெனைச்சாத் தூக்கம் வரல.

கோயில்ல திருவிழாக் கூட்டம் போட்டாங்க. ஊர்ப் பெரியவரு எடுத்த எடுப்புல என்னைத்தான் கேட்டாரு: "இன்னாப்பா, ஆக்சிலை மாத்திட்டியா?"

எழுந்து நின்னேன். "ஆக்சில் நல்லாத்தாங்க கீது. என் கால்தான் சரியில்ல. மூணு தடவையும் நான் மிதிச்ச மிதியிலதான் ஒடைஞ்சது. இந்த வருஷம் என் சம்சாரம் ஓட்டட்டும்"னேன்.

உடனே ஒரு மூலையிலேர்ந்து, "பொம்பளையா சாமி வண்டிய ஓட்டறது?"ன்னு ஒரு கொரலு வந்தது. பெரியவரு திரும்பிப் பார்த்தாரு. "போன வருஷம் தோள் குடுத்ததுல எனக்கு இன்னும் இடுப்பு வலி போவல. நீ தூக்கறியா? இல்லல்ல? அப்ப அந்தப் பொண்ணு ஓட்டட்டும்." அதோட பேச்சு முடிஞ்சுது.

திருவிழா அன்னிக்கு நான் ஜீப்புக்கு முன்னால மணல்ல நடந்தேன். எங்க மணல் கெட்டியா கீதுன்னு காலால மிதிச்சுப் பார்த்து கை காட்டறதுதான் என் வேலை. பின்னால எஞ்சின் சத்தமே கேக்கல, மேளம்தான் கேட்டது. நின்னுடுச்சோ, நின்னுடுச்சோன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் பின்னாலயே வந்துக்கினு இருந்தது. ஒரு தடவை அவ தலையை வெளிய நீட்டி, அத்தினி கூட்டத்துலயும், "யோவ், நேரா பார்த்து நடய்யா!"ன்னு கத்தினா. கூட்டமே சிரிச்சது. எனக்கு மூணு வாரமா அடைச்சுக்கினு இருந்த ஏதோ ஒண்ணு அப்பதான் எறங்கிச்சு. நானும் சிரிச்சேன்.

தீர்த்தவாரி ஆச்சு. ஐயரு தட்டோட வந்தாரு. பழக்கத்துல நேரா எங்கிட்டதான் வந்தாரு, துணியைப் பிரிச்சு என் தலைக்குக் கையைத் தூக்கினாரு. அந்தப் பட்டு என் நெத்தியில பட்டுடுச்சு. ஒரு வருஷமா நான் காத்துக்கினு இருந்த துணி. ஆசையா இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு அடி பின்னால வந்தேன். "ஓட்டினது அவங்கதான், ஐயரே"ன்னேன்.

ஐயரு ஜீப்பைப் பார்த்தாரு, துணியைப் பார்த்தாரு. பொம்பளைங்களுக்குக் கட்டி அவருக்குப் பழக்கமில்ல. தயங்கி நின்னாரு. அவ எறங்கி வந்து ரெண்டு கையையும் ஏந்தி வாங்கினா. கண்ணுல ஒத்திக்கினா. அப்புறம், நடவுக்குக் கழனியில எறங்கறதுக்கு முன்னால தெனமும் எப்படித் தலையில துண்டு கட்டுவாளோ, அதே மாதிரி ரெண்டு சுத்து சுத்தி, முனையைச் சொருகி, அவளே கட்டிக்கினா.

"வழி காட்டுங்க, போலாம்"னா.

நான் முன்னால நடந்தேன்.