குழாயில் கட்டிய எர்த்

திருப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனருக்குத் தெரியாத தொழில் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. கொத்து வேலை தெரியும், தச்சு வேலை தெரியும், அடுத்தவன் காய்ச்சலுக்கு மருந்தும் தெரியும். தறி ஓட்டிய குடும்பம். நான் போன சமயத்தில் தறியெல்லாம் எடைக்குப் போய், முன்கட்டில் நாலு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். தெற்கே இருந்து பிழைக்க வந்தவர்கள். முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். கரண்ட் விஷயத்தில் அந்த வீட்டில் வாயைத் திறக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான் என்பது என் எண்ணம். அவர் அப்படி நினைக்கவில்லை.

ஒரு நாள் கேபிள்காரன் கூரையில் ஏறி இரண்டு ஓடுகளை உடைத்துவிட்டான். ஓனர் கேபிளை வெட்டி வீசிவிட்டு, பரணில் கிடந்த பழைய ஆன்டெனாவை இறக்கித் துடைத்தார். நீளமான இரும்புக் குழாயில் மாட்டிக் கூரைக்கு மேலே நிறுத்தினார். தெருவே கேபிளில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வீட்டு டிவியில் மட்டும் புள்ளி புள்ளியாக ஏதோ ஓடியது. படத்தைத் தெளிவாக்க, பஜாருக்குப் போய் ஒரு பூஸ்டர் பெட்டி வாங்கி வந்தார். பேர் ஊர் இல்லாத சரக்கு, மூடிகூட ஒழுங்காகப் பொருந்தவில்லை. அதற்குப் பிறகும் புள்ளிகள் போகவில்லை. "கண்ணாடியாட்ட தெரியுதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்களும் மரியாதைக்கு ஆமாங்க என்பார்கள்.

ஐப்பசி மழையில் பக்கத்துத் தெருத் தென்னை மரத்தில் இடி விழுந்தது. ஓனரின் மனைவி பயந்துபோய், கூரையில் நிற்கிற அந்தக் கம்பிக்கு ஏதாவது செய்யச் சொன்னார். அப்போதுதான் ஓனருக்கு என் ஞாபகம் வந்தது. இடியை மண்ணுக்குள் இறக்கிவிட எர்த் போடுவது எப்படி என்று நானும் ஒழுங்காகவே சொன்னேன். குழி வெட்ட வேண்டும், இரும்புக் குழாய் இறக்கிச் சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட வேண்டும், அங்கிருந்து ஆன்டெனாக் கம்பத்துக்குக் கனமான செம்புக் கம்பி இழுக்க வேண்டும் என்றேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க தம்பி, நம்மூரு மண்ணுக்கு உப்பு வேற போடோணுமா? சாயத் தண்ணி எறங்கி மண்ணே உப்பாத்தானுங்க கெடக்குது."

மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வேலையில் இறங்கினார். கம்பத்திலிருந்து ஒரு கம்பியைச் சுவரோரமாக இறக்கி, வாசல் தண்ணீர்க் குழாயில் நாலு சுற்றுச் சுற்றி, அதன் மேல் பனியன் வேஸ்ட் துணியை வைத்து இறுக்கிக் கட்டினார். இந்த ஊரில் மெஷின் துடைப்பதிலிருந்து மூக்குத் துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். இடியைப் பிடித்து வைக்கவும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டார் போல. கட்டி முடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கொழாய் பூமிக்குள்ளதானுங்க போகுது. இதுக்கு மேல என்னங்க எர்த்து?"

போன கோடையில் அவர்தான் அந்தத் தண்ணீர் லைனைத் தோண்டி எடுத்தார். உப்புத் தண்ணீர் இரும்புக் குழாயை அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. மண்ணுக்குள் முழுக்கப் பிளாஸ்டிக் குழாய் போட்டு, வெளியே நிற்கிற மூன்றடியை மட்டும் இரும்பாக விட்டார். துருப்பிடித்த பழைய துண்டுகள் மதில் ஓரத்தில் அப்போதும் கிடந்தன. பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது. அந்தக் குழாய்க்கு வந்து சேருகிற கரண்ட், யாராவது வந்து தொடும் வரை அங்கேயே நிற்கும்.

ஒரே பார்வையில் எனக்கு இது தெரிந்தது. ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை.

"பிரமாதமுங்க. இப்படியே இருக்கட்டும்" என்றேன். உள்ளே வந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன். மழை ஓயப் போகிறது, இனி இடியெல்லாம் அடுத்த வருடம்தான், அதற்குள் யாராவது தெரிந்தவன் பார்த்து இந்த மேதாவியை நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தட்டும் என்பது என் திட்டம். அந்தக் குழாயடியில்தான் என் மனைவி தினமும் ஈரக் காலோடு உட்கார்ந்து பாத்திரம் கழுவுவாள். திட்டம் போட்டவனுக்கு அது தோன்றவே இல்லை.

ஓனர் அந்தக் குழாயை ஊருக்கெல்லாம் காட்டினார். "நம்ம தம்பியே பாத்து நல்லாருக்குதுன்னு சொல்லீட்டாருங்க." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் குடம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் போனால், மனைவி குழாயிலிருந்து நாலடி தள்ளிக் கிடந்தாள். வலது கை விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. முன்கட்டுக்கு ஓடி மெயினை இறக்கினேன். பூஸ்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒயர் உரசித் தோல் போயிருந்தது. கரண்ட் ஆன்டெனா ஒயர் வழியாகக் கம்பத்துக்கு ஏறி, அங்கிருந்து குழாய்க்கு இறங்கி, போக இடமில்லாமல் நின்றிருக்கிறது.

கையைத் தேய்த்துவிட்டு வெந்நீர் கொடுத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"நேத்தே லேசா இழுத்துச்சு. ஓனர் வீட்டு அக்காகிட்ட சொன்னேன். 'பயப்படாத கண்ணு, உங்க ஊட்டுக்காரரே பாத்துட்டு நல்லாருக்குதுன்னாரு'ன்னாக. நீங்க சொல்லிட்டீகன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்."

"பிளாஸ்டிக்குன்னு தெரியும்லா?"

வாசற்படியில் நின்ற ஓனர்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "தம்பி மேல தப்பில்லீங்க. கட்டுனது நானுங்க." அந்த மனிதரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் தெரியாமல் செய்தார். தெரிந்திருந்தும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஈனப் பிறவி அந்த வீட்டில் நான் ஒருத்தன்தான்.

அன்று லீவு போட்டுக் குழி வெட்டினேன். உப்பு மூட்டையை ஓனரே தோளில் சுமந்து வந்தார். குழாயில் சுற்றியிருந்த கம்பியை அவிழ்த்துவிட்டு, பூஸ்டரைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் எல்லாம் முடித்து, மெயினைப் போட்டுக் குழாயையும் சோதித்துவிட்டு, "இனிமே தொடலாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் என்னிடம் கையை நீட்டினாள். "டெஸ்டரத் தாங்க."

வாங்கிப் போய்க் குழாயில் வைத்து, குனிந்து நிதானமாகப் பார்த்தாள். எரியவில்லை. பிறகுதான் தண்ணீரைத் திறந்தாள். அந்த வீட்டில் இருந்த வரைக்கும் தினமும் காலையில் அப்படித்தான் செய்தாள். கம்பெனிக்கு எடுத்துப் போக நான் வேறு டெஸ்டர் வாங்கிக்கொண்டேன்.